செம்புங்கன்: ஜாவாவின் உச்சியில் ஓர் உருளைக்கிழங்கு ஊர்

கேள்வி இதுதான்: ஜாவா போகிறவர்கள் போரோபுதூர் பௌத்தத் தூபியையும் பிரம்பானன் இந்துக் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அங்கே ஒரு சிறிய கிராமம் நிஜத்தில் எப்படி இயங்குகிறது, அதைப் பார்க்க எங்கே போகலாம், போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஜாவா கிராமம் என்றால் நெல்வயலும் தென்னையும் வாய்க்காலுமாகத்தான் படங்களில் பார்த்திருப்போம். சமவெளி ஊர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒரே ஓர் ஊரைக் காட்டச் சொன்னால் நெல்லே விளையாத ஊரைத்தான் காட்டுவேன்: மத்திய ஜாவாவில், டியெங் பீடபூமியின் தெற்கு விளிம்பில் இருக்கும் செம்புங்கன். ஜாவாத் தீவின் மிக உயரமான கிராமம் என்று பெயர் பெற்றது. எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் வரை சொல்வார்கள். இங்கே தண்ணீர், குளிர்காற்று, மேல்மண், எரிமலை வாயு எல்லாமே சரிவில் இறங்கி எங்கோ ஓரிடத்தில் தேங்குகின்றன. ஊரின் பிழைப்பையும் ஆபத்தையும் புரிந்துகொள்ள அவை இறங்கும் வழியைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

டியெங் என்பது பழைய எரிமலைக் குழிகள் பல சேர்ந்த ஒரு மேட்டுத் தட்டு. நடுப்பகுதி சுமார் 2,000 மீட்டர் உயரம். மாவட்ட எல்லை அதன் குறுக்கே ஓடுவதால் மேற்குப் பாதி பஞ்சார்நகரா மாவட்டத்திலும் கிழக்குப் பாதி வொனொசோபோ மாவட்டத்திலும் இருக்கின்றன. கோயில்கள் இருக்கும் டியெங் குலோன் பஞ்சார்நகராவைச் சேர்ந்தது. செம்புங்கன் வொனொசோபோவின் கெஜாஜார் வட்டத்தைச் சேர்ந்தது. ஒரே பீடபூமிக்கு இரண்டு நிர்வாகம் என்பதால் நுழைவுச் சீட்டு இடத்துக்கு இடம் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம்.

யோக்யகர்த்தாவிலிருந்து மகேலாங் வழியாக வொனொசோபோ நகரம் வரை மூன்று, நான்கு மணி நேரம். ஜகார்த்தாவிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் பூர்வொகெர்த்தோ வந்து அங்கிருந்து பஸ் பிடிப்பது வசதி. வொனொசோபோவிலிருந்து டியெங் 26 கிலோமீட்டர்தான், ஆனால் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். சிறிய பஸ்கள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். டியெங் சந்திப்பிலிருந்து செம்புங்கனுக்கு முறையான பஸ் கிடையாது. ஓஜெக் எனப்படும் வாடகை பைக்கோ, தங்கும் வீட்டுக்காரர் அனுப்பும் வண்டியோதான். சாயங்காலத்துக்குள் போய்விடுவது நல்லது, ஏனென்றால் மதியத்துக்குப் பின் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது.

ஊர் சின்னது. ஆயிரத்துச் சொச்சம் பேர். செபோங் ஏரியின் கரையில், மலை மடிப்புக்குள், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி அடைந்து நிற்கின்றன. முற்றம், கொல்லை, மரநிழல் எதுவும் கிடையாது. தட்டையான, வளமான ஒவ்வொரு துண்டும் கிழங்குக்குப் போய்விடுவதும், நெருங்கி நின்றால் குளிர்காற்று குறைவதும் இதற்குக் காரணம். பழைய மரவீடுகள் அருகிவிட்டன. இப்போது செங்கல், சிமென்ட், தகரக் கூரை. நடுவில் மசூதி. ஊர் முழுக்க முஸ்லிம்கள். ஆனால் ஜாவாவின் பழைய வழக்கங்களும் அதே ஊருக்குள்ளேயே, அதே மனிதர்களிடமே தொடர்கின்றன.

வீட்டின் உயிர் சமையலறையில் இருக்கிறது. விறகடுப்பைச் சுற்றித் தாழ்வான பலகைகள் போட்டு, மாலையில் வீட்டாரும் விருந்தினரும் அங்கேயே உட்காருவார்கள். வரவேற்பறையில் சோபா இருந்தாலும் அடுப்படிக்கு அழைத்தால்தான் உங்களை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். இடுப்பில் கட்ட வேண்டிய சாரோங்கை இங்கே தோளில் போர்வையாகப் போட்டுக்கொள்வார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசியும் பருப்பும் வேக நேரம் எடுக்கும். தேநீர் கொதிக்கக் கொதிக்க வந்தாலும் கையில் வாங்குவதற்குள் ஆறிவிடும்.

நிர்வாகம் இந்தோனேசியாவின் மற்றக் கிராமங்களைப் போலத்தான். 'தேசா' என்பது கிராமம். அதன் தலைவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறவர். 2014-ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் பதவிக்காலத்தை 6 ஆண்டு என்று வைத்தது. 2024 திருத்தத்தில் 8 ஆண்டாக ஆக்கினார்கள். 2015 முதல் மத்திய அரசின் நிதி கிராமக் கணக்குக்கு வருகிறது. எந்தக் கிராமத்திலும் முதலில் கண்ணில் படும் கான்கிரீட் சந்துகள், வடிகால்கள் பலவற்றுக்கும் பின்னால் அந்தப் பணம் இருக்கும். தலைவருக்குக் கீழே ஆர்.வே. என்ற பகுதிப் பொறுப்பாளர், அதற்கும் கீழே சில பத்து வீடுகளுக்கு ஒருவராக ஆர்.தே. ஊரில் யார் தங்கினாலும் ஆர்.தே.வுக்குத் தகவல் போக வேண்டும். தங்கும் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் நகல் கேட்டால் அதற்குத்தான். ஜாவாவில் பல கிராமங்களில் அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு 'பெங்கோக்' என்ற ஊர்ப்பொது நிலத்தில் உழுதுகொள்ளும் உரிமையும் உண்டு. இது அரசர் காலத்து ஏற்பாடு, இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

இனி உருளைக்கிழங்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

1980-களுக்கு முன் இந்த மலையில் மக்காச்சோளம், புகையிலை, முட்டைக்கோஸ் ஆகியவைதான். மக்காச்சோளத்தை இடித்து வேகவைத்த சோளச்சோறுதான் அன்றாட உணவு. அதன்பின் உருளைக்கிழங்கு வந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் சரிவுகளையெல்லாம் பிடித்துவிட்டது. வீடுகள் மாடிவீடாயின, ஹஜ் போனவர்கள் எண்ணிக்கை கூடியது, பிள்ளைகள் நகரத்துக் கல்லூரிக்குப் போனார்கள். இன்றைக்கு அரிசியைக் கீழிருந்து வாங்கிச் சாப்பிடும் ஊர் இது.

பெரும்பாலும் 'கிரானோலா' ரகம். நட்டு 90 முதல் 110 நாளில் தோண்டலாம்; தண்ணீர் கிடைக்கும் வயலில் ஆண்டுக்கு மூன்று போகம்கூட எடுப்பார்கள். முதல் வேலை மண்வெட்டியால் மண்ணைப் புரட்டிப் பார் பிடிப்பது, அதாவது நீள வரிசையாக மண்ணை உயர்த்திவிடுவது. சரிவில் டிராக்டர் நிற்காது. பாருக்குப் பார் 70 முதல் 80 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 30 சென்டிமீட்டர். விதைக்கிழங்கு கோழிமுட்டைக்குச் சற்றுச் சிறியதாக, 30 முதல் 60 கிராமுக்குள், 2 சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாகவும் திண்ணமாகவும் முளைவிட்டிருக்க வேண்டும். எக்டேருக்கு ஒன்றரை டன் அளவில் விதை பிடிக்கும். அடியுரமாகக் கோழி எரு, எக்டேருக்குப் பத்து டன்னுக்கு மேல். இது சமவெளிப் பண்ணைகளிலிருந்து மூட்டை மூட்டையாக லாரியில் ஏறி வருகிறது. சரியாக மக்காத எருவைப் போட்டால் சூடு வேரைத் தாக்கும், நோய்க்கிருமியும் சேர்ந்து வரும், ஊரெல்லாம் ஈ மொய்க்கும். சீசனில் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஈ பறந்தால் வீட்டுக்காரர் மேல் குறை சொல்லாதீர்கள்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மண் அணைப்பார்கள். இதைத் தள்ளிப்போட்டால் மேலே தெரியும் கிழங்கு வெயில்பட்டுப் பச்சையாகிவிடும். பச்சைக் கிழங்கில் சொலனைன் என்ற நச்சு சேர்வதால் விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு தழை காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தோல் இறுகும். அவசரத்தில் பச்சைத் தழையோடு தோண்டினால் மூட்டையில் உரசித் தோல் உரிந்து, வழியிலேயே அழுகத் தொடங்கும். சராசரியாக எக்டேருக்கு 15 முதல் 20 டன் கிடைத்தால் திருப்திதான்.

எங்கே தவறுகிறது? முதலில் விதை. திசு வளர்ப்பில் உருவாகும் நோயற்ற சிறு கிழங்கைப் பூஜ்யத் தலைமுறை என்பார்கள். அதை வலைக்கூடாரத்துக்குள் பெருக்கி, மூன்றாம் நான்காம் தலைமுறையை விவசாயி நட வேண்டும். அது விலை அதிகம். அதனால் தன் வயலில் மிஞ்சிய சின்னக் கிழங்கையே திரும்பத் திரும்ப நடுகிறார்கள். வைரஸ் தாக்கிய செடி சின்னக் கிழங்கைத்தான் தரும்; சின்னதையே விதைக்கு ஒதுக்கும்போது நோயைத் தாங்களே பொறுக்கியெடுத்து நட்டதாகிவிடுகிறது. ஐந்தாறு போகத்தில் விளைச்சல் பாதியாக விழுவதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது பின்பருவ இலைக்கருகல். குளிர், ஈரம், மூடுபனி மூன்றும் சேர்ந்த இந்த மலை அதற்கென்றே அமைந்தது போலிருக்கும். இலை ஓரத்தில் நீர் கோத்த புள்ளி, அடியில் வெள்ளைப் பூசணம், நாலைந்து நாளில் வயலே வெந்தது போலக் கருகிவிடும். மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருந்து அடிக்கிறார்கள். மான்கோசெப் மாதிரி இலைமேல் படியும் மருந்தை மழை கழுவிவிடும்; உள்ளே ஊடுருவும் மருந்தையே தொடர்ந்து அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். இரண்டையும் மாற்றி மாற்றி அடிப்பதுதான் முறை. மூன்றாவது, தங்கநிற முட்டைக்கூடு நூற்புழு. 2003-இல் கிழக்கு ஜாவாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு டியெங்கிலும். அதன் முட்டைக்கூடு செடியே இல்லாமல் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். வயலுக்கு வயல் அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் மண்வெட்டியிலும் பூட்ஸிலும் ஒட்டிய மண்தான். நீங்கள் வயல்களுக்குள் நடந்தால் ஒரு வயலை விட்டு வெளியேறும்போது செருப்பைக் கழுவிவிடுங்கள். விவசாயி கேட்க மாட்டார், ஆனால் கவனிப்பார்.

பண விஷயமும் அதே அளவுக்கு முக்கியம். விதை, எரு, மருந்து எல்லாவற்றையும் கடைக்காரரிடம் கடனாக வாங்கி அறுவடையில் கட்டுவதை 'யார்னேன்' என்கிறார்கள். விலை விழுந்த போகத்தில் கடன் அடுத்த போகத்துக்கு உருளும். தோண்டுவதற்கு முன்பே வயலோடு மொத்தமாக வியாபாரிக்குப் பேசிக் கொடுப்பது 'தெபாசான்'. விலை ஏறினால் லாபம் வியாபாரிக்கு, இறங்கினாலும் தோண்டு கூலியும் அழுகலும் அவர் பொறுப்பு. கைக்குழந்தையும் கடனும் உள்ள வீடு தெபாசானை விரும்புவதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்து ஏமாளித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது.

இப்போது சரிவுக்கு வருகிறேன். டியெங் வயல்களைப் பார்த்ததும் விவசாயம் தெரிந்தவர்களுக்கு நெஞ்சு பதறும், ஏனென்றால் பார்கள் சரிவுக்குக் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழாக நேராக இறங்கும். மண் அரிப்பைத் தடுக்கக் குறுக்கேதான் பார் போட வேண்டும் என்பது பாலபாடம். அவர்களுக்கும் அது தெரியும். ஆனால் குறுக்குப் பாரில் மழைநீர் தேங்கும், தேங்கினால் கிழங்கு அழுகும், இலைக்கருகல் இரண்டு நாள் முன்னதாகவே வரும். ஒரு போகத்தைக் காப்பாற்ற மண்ணைக் கொடுக்கிறார்கள். 1998-ஐ ஒட்டிய பொருளாதார நெருக்கடியில், காவல் தளர்ந்த காலத்தில், மேலே இருந்த காடும் வெட்டப்பட்டு வயலானது. அதன்பின் மழைநீரைப் பிடித்து வைக்க மேலே எதுவும் இல்லை.

அந்த மண் எங்கே போகிறது? டியெங்கில் 'பீமா லூகார்' என்ற ஊற்று இருக்கிறது. செராயு ஆறு அங்கேதான் பிறக்கிறது. பஞ்சார்நகரா வழியாகப் போய்ச் சிலாசாப் பக்கம் இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. வழியில் ம்ரிச்சா அணை, சுமார் 180 மெகாவாட் நீர்மின் நிலையத்தோடு 1980-களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. டியெங்கின் கறுப்பு மண் அந்த நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படிந்து கொள்ளளவைத் தின்றுவிட்டது. மலைமேல் ஒரு பார் எந்தத் திசையில் போகிறது என்பதற்கும் கீழே ஒரு நகரத்தின் மின்சாரத்துக்கும் இப்படி நேர்த் தொடர்பு இருக்கிறது. மண் போவதோடு நிற்பதும் இல்லை: 2014 டிசம்பர் 12 அன்று, டியெங்கின் அடிவாரப் பகுதியான கராங்கோபாரில் ஜெம்ப்லூங் என்ற குடியிருப்பின் மேல் மலைச்சரிவு இறங்கியதில் 90-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை, அடைமழை பெய்த மறுநாள் இந்தச் சாலைகளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

வழி இல்லாமல் இல்லை. பாரைச் சாய்வாகப் போட்டு இடையிடையே குறுக்கு வடிகால் வெட்டுவது, படிமட்ட விளிம்பில் மாட்டுத் தீவனப் புல்லும் காரிகா என்ற மலைப்பப்பாளி மரமும் நடுவது, செங்குத்தான துண்டுகளைக் காப்பிக்கும் மரத்துக்கும் திருப்புவது என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விளிம்புப் புல் ஆட்டுக்குத் தீனியாகவும் ஆகிறது. இடமும் வருமானமும் சிறிது குறையும் என்பதுதான் தடை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அடுத்த பத்தாண்டைப் பற்றிக் கவலைப்பட எந்தக் காரணமும் இல்லை.

சாலையோரம் முழுக்கப் பிளாஸ்டிக் குழாய்கள் பின்னிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். வறண்ட மாதங்களில் ஏரிகளிலிருந்து பம்பு வைத்து வயலுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்கள் அவை. வீட்டுக்கு வீடு தனிக் குழாய். செபோங், மெர்தாதா போன்ற ஏரிகளின் நீர்மட்டம் ஆகஸ்டில் இறங்குவதும், கரையிலிருந்து வயல்மண் உள்ளே சரிவதும் சேர்ந்து அவற்றை ஆண்டுக்கு ஆண்டு ஆழம் குறைந்தவையாக்குகின்றன.

அடுத்துப் பனி. நிலநடுக்கோட்டுக்கு ஏழு டிகிரி தெற்கே உறைபனியா என்று கேட்பார்கள். மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று வறண்டு வானம் திறந்திருக்கும். இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானுக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் வழிந்து குழிவான இடத்தில் தேங்கும். அதனால் உயரமான இடத்தில்தான் உறைபனி அதிகம் என்று நினைத்துச் சிகரத்தில் தேடினால் ஏமாற்றம்தான். அர்ஜுனன் கோயில் இருக்கும் தட்டையான பள்ளத்தில் சூரியன் எழும் நேரத்தில் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போன காலைகளில் புல் முழுவதும் வெள்ளையாக இருக்கும். ஏழரை மணிக்குள் உருகிவிடும்.

சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் அந்தப் பனியை ஊர்மக்கள் 'எம்புன் உப்பாஸ்', அதாவது நச்சுப் பனி என்கிறார்கள். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல் கிழிந்துவிடும். வெயில் வந்ததும் இலை கறுத்துத் தொங்கும். இளஞ்செடி ஒரே இரவில் போய்விடும், முதிர்ந்த செடியில் கிழங்கு பெருப்பது நின்றுவிடும். விடியும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவது, மேலே நிழல்வலை கட்டுவது, அந்த மாதங்களில் பள்ளத்து வயலில் முட்டைக்கோஸ் அல்லது காரட் போடுவது ஆகியவைதான் கைவசம் உள்ள வழிகள். நிழல்வலை கட்டிய வயலுக்குள் படத்துக்காக நுழையாதீர்கள்.

இறங்கித் தேங்குகிறவற்றில் மிகக் கொடியது வாயு. 1979 பிப்ரவரி 20 விடியற்காலையில் நிலநடுக்கங்களைத் தொடர்ந்து, டியெங்குக்கு மேற்கே சினிலா எரிவாய் (எரிமலையின் வாய்) நீராவியும் சேறுமாக வெடித்தது. அருகிலிருந்த கெபுச்சுக்கான் மக்கள் சாலை வழியே பாட்டூர் நோக்கி ஓடினார்கள். அந்தச் சாலைப் பள்ளத்தில், நிலப்பிளவுகளிலிருந்து வெளிவந்த கரியமில வாயு நிறைந்திருந்தது. நிறமில்லை, வாசனையில்லை, காற்றைவிட கனம். 149 பேர் இறந்தார்கள். வெடிப்பு அவர்களைக் கொல்லவில்லை, ஓடிய திசைதான் கொன்றது. இன்றும் அதே பகுதியில் திம்பாங் எரிவாயிலிருந்து அவ்வப்போது கரியமில வாயு வெளிவருகிறது. 2011-இல் மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. சிலேரி எரிவாய் 2017 ஜூலையில் திடீரென வெடித்து அருகிலிருந்த பார்வையாளர்கள் பலர் காயமடைந்தார்கள்.

செம்புங்கன் இந்த இடங்களிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் பீடபூமியைச் சுற்றும்போது நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. காற்றில்லாத, மேகம் மூடிய அதிகாலையில் திம்பாங், சிலேரி பக்கத்துப் பள்ளங்களில் நடக்கக் கூடாது. வேலி போட்ட எல்லை புகைப்படத்துக்கு இடைஞ்சலாக இருந்தாலும் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும். கரிந்த புல், செத்துக்கிடக்கும் பறவை அல்லது பூச்சி கண்ணில் பட்டால் பள்ளத்தை விட்டு மேடு நோக்கி ஏறுங்கள், காற்று வரும் திசையை நோக்கி. அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது கந்தக வாயு. அது எச்சரிக்கையாவது செய்யும். கரியமில வாயு அதுவும் செய்யாது. எச்சரிக்கை நிலை நான்கு படிகள்: நோர்மல், வாஸ்பாதா, சியாகா, ஆவாஸ். இரண்டாம் படியிலேயே குறிப்பிட்ட எரிவாயைச் சுற்றித் தடை வந்துவிடும். பார்வையாளர்களுக்கு ஏற்பாடு உள்ள எரிவாய் சிகிடாங். சேறு கொதிப்பதை மரப்பாலத்திலிருந்து பார்க்கலாம். பக்கத்தில் ஓடும் பருத்த வெள்ளிக் குழாய்கள் 60 மெகாவாட் புவிவெப்ப மின்நிலையத்துடையவை, தொடாதீர்கள், சுடும்.

இந்த எரிவாய்களில் ஒன்றின் பெயர் சந்திராதிமுகா. ஜாவாவின் நிழற்பொம்மைக் கூத்தில், குழந்தைக் கடோத்கஜனை அதில் முக்கியெடுத்துத்தான் வலிமை ஏற்றினார்கள். மகாபாரதம் இந்த மலை முழுக்கப் பரவிக் கிடக்கிறது: அர்ஜுனன், ஸ்ரீகண்டி, புந்ததேவன், செம்பத்ரா, கடோத்கஜன், பீமன் என்று கோயில்களுக்கும் பெயர். புந்ததேவன் நம் தருமர், செம்பத்ரா சுபத்திரை. ஸ்ரீகண்டி சிகண்டிதான், ஜாவாக் கூத்தில் அவள் வில்லெடுத்த பெண், அர்ஜுனனின் மனைவியரில் ஒருத்தி. ஆனால் இந்தப் பெயர்கள் பிற்காலத்தவை. கோயில்கள் சிவனுக்கு எழுப்பப்பட்டவை, ஏழு எட்டாம் நூற்றாண்டுகளில் தொடங்கியவை; ஜாவாவில் மிஞ்சியிருக்கும் கல்கோயில்களில் மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை. இங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 731, அதாவது பொது ஆண்டு 809. எழுத்து, பல்லவ கிரந்தத்திலிருந்து ஜாவாவில் வளர்ந்த காவி எழுத்து.

ஸ்ரீகண்டி கோயிலின் வெளிச்சுவர்களில் வடக்கே திருமால், கிழக்கே சிவன், தெற்கே பிரமன். தனியாக மேட்டில் நிற்கும் பீமன் கோயிலை விட்டுவிடாதீர்கள். அதன் கூரை அடுக்குகளில் கூடுகள். கூட்டுக்கு ஒரு மனித முகமாக எட்டிப் பார்க்கிறது. மகாபலிபுரத்து ரதங்களைக் கண்ணூன்றிப் பார்த்தவர்கள் அந்தக் கூடுகளுக்கு முன் நீண்ட நேரம் நிற்பார்கள். 1800-களின் தொடக்கத்தில் ஐரோப்பியர் வந்தபோது கோயில்கள் சதுப்பு நீரில் நின்றன. பின்னால்தான் நீரை வடித்தார்கள். பழங்காலத்தவரே நீரை வடிக்க நிலத்தடியில் வெட்டிய கால்வாயின் தடயமும் இருக்கிறது, அதற்கும் அஸ்வத்தாமன் பெயர். வண்ண ஏரிக்குப் பக்கத்தில் செமார் குகை. 1974 செப்டம்பரில் அதிபர் சுகார்த்தோ ஆஸ்திரேலியப் பிரதமர் கஃப் விட்லமை இந்த மலைக்கு அழைத்து வந்தார்; கிழக்கு திமோரின் தலையெழுத்தைப் பாதித்த பேச்சு அந்தப் பயணத்தில் நடந்தது.

தெருவில் சடைமுடியோடு ஓடும் சின்னக் குழந்தைகளைப் பார்க்கலாம். பிறக்கும்போது சாதாரண முடிதான். ஒன்று, இரண்டு வயதில் கடுங்காய்ச்சல் வந்து, அதன்பின் முடி திரிதிரியாகச் சேர்ந்துகொள்கிறது என்று பெற்றோர் சொல்வார்கள். டியெங்கை நிறுவியவராகக் கருதப்படும் கியாய் கொலொதெத்தேயின் அருள் பெற்ற குழந்தை என்பது நம்பிக்கை. வெட்டுவதற்குக் குழந்தையே கேட்க வேண்டும், கேட்கும்போது ஒரு விருப்பமும் சொல்லும்: ஆடு, சைக்கிள், குறிப்பிட்ட ஒரு தின்பண்டம், எதுவானாலும் அதை அப்படியே கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் வெட்டினால் சடை திரும்ப வரும் என்பார்கள். புனித நீராட்டிச் சடையை வெட்டி, வெள்ளைத் துணியில் முடிந்து ஏரியிலோ ஓடையிலோ விடுவார்கள். 2010 முதல் டியெங் பண்பாட்டு விழாவில் இதைக் கூட்டாக நடத்துகிறார்கள், பெரும்பாலும் ஆகஸ்டில். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். பெற்றோரைக் கேட்காமல் குழந்தையின் தலையைத் தொடுவதோ படமெடுப்பதோ வேண்டாம்.

திருமணம், வீடு கட்டுதல், நடவு எல்லாவற்றுக்கும் நாள் பார்ப்பது உண்டு. ஏழு நாள் வாரத்தோடு லெகி, பாயிங், போன், வாகே, க்ளிவோன் என்ற ஐந்து நாள் வாரமும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து 35 நாளுக்கு ஒருமுறை அதே சேர்க்கை திரும்பும். சந்தை கூடுவதும் பல ஊர்களில் ஐந்து நாள் கணக்கில்தான். விசேஷ வீட்டில் 'ஸ்லாமெத்தான்' நடக்கும்: அக்கம்பக்கத்து ஆண்கள் கூடி, துவா ஓதி, கூம்புச் சோற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்களை அழைத்தால் போங்கள்; சட்டை முழுக்கை, சாரோங் அல்லது முழுக்கால்சட்டை. உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு முன்னால் போகும்போது சற்றுக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி 'நுவுன் சேவு' என்று சொல்லிப் போக வேண்டும். நடுவயது ஆணைப் 'பாக்', பெண்ணை 'பு', இளைஞரை 'மாஸ்', இளம்பெண்ணை 'ம்பா(க்)', தாத்தா பாட்டியை 'ம்பா' என்று அழையுங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது முரட்டுத்தனம்.

சாப்பாட்டில் வொனொசோபோவின் பெருமை 'மீ ஓங்க்லோக்'. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பூண்டுத்தழை மூன்றையும் சின்ன மூங்கில் கூடையில் போட்டுக் கொதிநீரில் முக்கி முக்கி எடுத்து, மாவு கரைத்த கெட்டிக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: அந்தக் குழம்பில் உலர்ந்த இறால் இருக்கும், பக்கத்தில் வருவது மாட்டிறைச்சி சாத்தே. 'தெம்பே கெமூல்' தைரியமாகச் சாப்பிடலாம். மாவில் முக்கிப் பொரித்த தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி. குளிருக்கு அதற்கு ஈடு இல்லை. சிறிய மிளகாய்க்குப் பதிலாக 'கெண்டோத்' என்ற குண்டு மிளகாய் வந்தால் பார்த்துக் கடியுங்கள். குடைமிளகாய் மாதிரி இருக்கும், விதை கறுப்பு, காரம் கடுமை.

காரிகா என்பது தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த குட்டி மலைப்பப்பாளி. பச்சையாகச் சாப்பிட்டால் பால் நாக்கையும் உதட்டையும் அரிக்கும். அதனால் பாகில் போட்டுத்தான் விற்கிறார்கள். தோல் சீவி, விதையை எடுத்துவிட்டு, உப்புநீரில் அலசிப் பாலை நீக்க வேண்டும். மணம் முழுவதும் விதையைச் சுற்றிய கூழில் இருப்பதால் அதைச் சர்க்கரை நீரில் கொதிக்கவிட்டுத் துணியில் வடித்துப் பாகாக்குவார்கள். துண்டுகளைப் போட்டுச் சூடான பாகை விளிம்பு வரை ஊற்றி மூடி, கொதிநீரில் மறுபடி வேகவைப்பார்கள். இந்தக் கடைசி வேலையில் சிக்கனம் காட்டினால் டப்பா மூடி உப்பும். உப்பிய மூடியோ கலங்கிய பாகோ இருந்தால் வாங்காதீர்கள்.

செம்புங்கனுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் சிக்குனிர் குன்றின் சூரிய உதயத்துக்காக. ஏரிக்கரையிலிருந்து அரை மணி முதல் முக்கால் மணி நேர ஏற்றம். மேலே நின்றால் நேர் எதிரே சிந்தோரோ எரிமலை, அதற்குப் பின் சும்பிங், தெளிந்த நாளில் மெர்பாபு, மெராப்பி வரை தெரியும். பலர் டியெங்கில் தங்கி அதிகாலை மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து, எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறார்கள். அதனால் ஊருக்கு வண்டி நிறுத்தக் கட்டணம்தான் மிச்சம். செம்புங்கனிலேயே ஒரு வீட்டில் இரண்டு இரவாவது தங்குங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் குன்றில் நிற்க இடமும் கிடைக்கும். வெந்நீர் உண்டா, போர்வை எத்தனை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மெத்தை ஈரம் கோத்திருந்தால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள்.

திரும்பி இறங்கும்போது ஒரு விஷயம். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது மிகக் குறைவு. 26 கிலோமீட்டரும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டு, லீவர் திடீரென்று காலியாக உள்ளே போகும். டியெங் சாலையில் வண்டிகள் பள்ளத்தில் பாய்வதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. முடிந்தால் கியர் வண்டியை எடுத்து இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஸ்கூட்டர்தான் என்றால் ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டுவிடாமல் லேசாகப் பிடித்து கிளட்ச் கழலாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்துங்கள், ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். கருகும் வாசனை வந்தால் அடுத்த வளைவு வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்டுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும்.